ஊர் எல்லை

சங்கிலியை அப்படி ஓரமா வச்சிட்டு உக்காருங்க தம்பி. வெயில் தாழட்டும். தண்ணி குடிக்கீயளா? தைரியமாக் குடிங்க. இந்த வீட்டுத் தண்ணியை ஊருக்குள்ள ஒருத்தனும் குடிக்க மாட்டான். நீங்க சர்க்கார் ஆளு, உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. நானும் சர்க்கார் ஆளுதான். பேரு மந்திரமூர்த்தி. ஹெட் கான்ஸ்டபிள், ரிட்டயர்டு. ஊருக்குள்ள போயி மந்திரமூர்த்தி வீடு எதுன்னு கேட்டா முழிப்பானுவ. மொட்டை ஏட்டு வீடுன்னு கேட்டா சின்னப்பிள்ளை கூடக் கையைக் காட்டும். தலை நிறைய முடி இருக்கே, ஏன் மொட்டைன்னுதானே பாக்கீய? சொல்லுதேன்.

குடியிருப்பு நத்தத்தை அளக்க வந்திருக்கீய. ஊர் எல்லை எது வரைக்கும்னு படம் போடுவீய. நல்லது. அந்தப் படத்துல இந்த வீடு உள்ள வருதா, வெளிய வருதான்னு மட்டும் எனக்குச் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். வாசப்படிக்கு முன்னால ஒரு வேப்பமுளை அடிச்சிருக்கு பாத்தீயளா, போன வருசத்துது, காய்ஞ்சு போய்க் கிடக்கு. அதைப் பாத்துக் கோடு போட்டுராதீய. அது சர்க்கார் முளை இல்ல. அது சீனியப்பன் அடிக்கச் சொன்ன முளை.

சீனியப்பனை நீங்க பாத்திருப்பீய. பஸ் ஸ்டாப்புப் பக்கத்துல படிப்பகம் வச்சிருக்கான். கதர் வேட்டி, மூக்குக்கண்ணாடி. காலையில நீங்க இறங்கின உடனே டீ வாங்கிக் குடுத்திருப்பான். குடுத்தான்லா? நல்ல மனுசன்னு நினைச்சிருப்பீய. எல்லாரும் அப்படித்தான் நினைக்கான்.

நாப்பத்திரெண்டுல அவன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இருபத்தாறு வயசு. அன்னைக்கு சந்தை. வெள்ளைக்காரனே வெளியேறுன்னு கத்திக்கிட்டு ஒரு கூட்டம் வருது, முன்னால இவன். நான் ஒத்தை ஆளு, கையில லத்தி. மறிச்சேன். அவன் என்னை அடிக்கல தம்பி. அடிச்சிருந்தா எப்பவோ மறந்திருப்பேன். என் தலையில இருந்த செவப்புத் தலைப்பாவை ரெண்டு கையாலயும் மெள்ளத் தூக்கினான். மரியாதையாத் தூக்கினான், அதான் எனக்குத் தாங்கல. தூக்கி, புளியமரத்துல கருவாட்டுக்காரி தராசு தொங்கவிட்டிருந்த கொம்புல மாட்டிட்டு அவன் பாட்டுக்குப் போறான். சந்தையே சிரிச்சுது. கருவாட்டுக்காரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நான் எக்கி எக்கிப் பாக்கேன், எட்டல. ஒரு பொம்பளை முக்காலி எடுத்துட்டு வந்து போட்டா. அதுக்கும் சிரிப்பு. அன்னைக்கு விழுந்த பேருதான் மொட்டை ஏட்டு. முப்பது வருசமாச்சு. 

சாயங்காலமே அவனைப் பிடிச்சுட்டோம். வேலூருக்குக் கொண்டு போனாங்க. கோர்ட்டு கிடையாது, விசாரணை கிடையாது, ரெண்டு வருசம். யுத்தகாலச் சட்டம். அருமையான சட்டம் தம்பி அது. சாதாரணச் சட்டத்துல ஒருத்தனைத் தொட்டா சாட்சி வேணும், மகசர் வேணும், வக்கீல்கிட்ட வாய் குடுக்கணும். இதுல ஒண்ணும் வேண்டாம். உள்ள போடணும்னா போடலாம். விட்ட பிறகும் விடாம வச்சுக்கிடலாம். அதுதான் அதுல உள்ள அழகு.

நாப்பத்திநாலுல அவனை விட்டாங்க. விடும்போதே ஒரு உத்தரவு கூட வந்துச்சு. காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் அவுட்போஸ்டுக்கு வந்து கையெழுத்துப் போடணும். இந்தா பக்கத்துல இடிஞ்சு கிடக்கே, அதான் அவுட்போஸ்ட். கூட்டத்துல பேசக் கூடாது. கடிதாசி எங்க கை வழியாத்தான் போகணும், வரணும். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவசரம்னா ஸ்டேஷன் பொறுப்பில் உள்ளவர் அனுமதிக்கலாம். உத்தரவு இங்கிலீஷ்ல வந்துச்சு, அதைத் தமிழ்ல எழுதி அவன்கிட்டக் குடுத்தது நான்தான். இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார், என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். 'அனுமதிக்கலாம்'னு எழுதிட்டு, பேனாவை நிப்பாட்டி இன்னொரு தடவை படிச்சுப் பாத்தேன். அந்த 'லாம்' இருக்கே, ரெண்டே எழுத்து. குடுக்கலாம்னா குடுக்காமலும் இருக்கலாம். அந்த ரெண்டு எழுத்து முழுசா என் கையில இருந்துச்சு.

முதல் நாள் வந்தான். வேலூர்ல பாதி ஆளாகிட்டான். வணக்கம்னான். நான் நிமிரல. சுவத்துக் கடிகாரத்தைக் காட்டி, "நேரம் தவறுது, சீனியப்பா"ன்னேன். பத்து நிமிசம் பிந்தி வந்ததா நோட்டுல எழுதினேன். அவன் பிந்தி வரல. கடிகாரத்தை நான் பத்து நிமிசம் வேகமா வச்சிருந்தேன். மறுநாள் பத்து நிமிசம் முந்தி வந்தான், நான் கதவைத் திறக்கல. வெளியவே நின்னான். அதுல இருந்து தினமும் ரெண்டு வேளையும் அந்தக் கடிகாரத்துக்கு அவன் ஓடி வருவான். வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாத்தியார் ஓடி வாரதை ஊரே பாக்கும். இப்ப யாரு சிரிக்கப் போறான்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தனும் சிரிக்கல. ஏன் சிரிக்கலன்னு எனக்கு இன்னும் விளங்கல.

கடிதாசி வந்தா நானே பிரிச்சுச் சத்தமாப் படிப்பேன். அவனுக்குப் பொண்ணு குடுக்கதா இருந்த மாமன், இனிமே தோதுப்படாதுன்னு எழுதியிருந்தார். அதை ரெண்டு தடவை படிச்சேன், முதல் தடவை சரியாக் கேட்டிருக்காதுன்னு. வெயில்ல நிப்பாட்டுவேன். என் வீட்டுக்காரி மட்டும் பின்வாசல் வழியா அவனுக்கு மோர் குடுத்து அனுப்புவா. அவ பேரு காந்திமதி. நெல்லையப்பர் கோயில் அம்மன் பேரு தம்பி, இவங்க காந்தி இல்ல. ஆனா இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம், உன் வீட்டுலயே காங்கிரஸ் இருக்கேம்பார்.

அந்த ஐப்பசியில அவன் அம்மாவுக்கு உடம்புக்கு ஆகல. இருளாயின்னு பேரு. ஆஸ்பத்திரி ஆறு மைல். வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போகணும்னு வந்து நின்னான். உத்தரவு இல்லைன்னேன். வேற ஆளை அனுப்புன்னேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல, வேற ஆளு போகலாம்னு சொன்னேன்லா? கிழவி, மகன் இல்லாம வண்டியில ஏற மாட்டேன்னுட்டா. மறுநாளும் வந்தான். உத்தரவு இல்லை. மூணாம் நாள் வந்து தரையில உக்காந்துட்டான். காந்திமதி அடுக்களையில இருந்து, விட்டுருங்களேன், விட்டுருங்களேன்னு கெஞ்சுதா. எழுதிக் குடு, யோசிச்சுச் சொல்லுதேன்னேன். எழுதிக் குடுத்தான். யோசிச்சேன். நாலாம் நாள் காலையில கிழவி போயிட்டா. எப்படியும் போயிருப்பா தம்பி. வயசாச்சு. அம்பத்திரெண்டு.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். இந்த ஊர்ச் சுடுகாடு உப்போடைக்கு அந்தப் பக்கம். ஓடைக்கரையிலதான் சர்வேக் கல்லு, நாளைக்கு நீங்களே பாப்பீய. கல்லுக்கு அந்தப் பக்கம் வேற கிராமம். ஒத்தை மகன், கொள்ளி வைக்கணும்னா கல்லைத் தாண்டணும். தாண்டினா யுத்தகாலச் சட்டப்படி திரும்ப வேலூர். தாண்டலைன்னா அவன் அம்மாவுக்கு அவன் கொள்ளி வைக்க முடியாது. எப்படிப் பாத்தாலும் எனக்கு லாபம். ரெண்டு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கிட்டு, விலங்கை எடுத்துக்கிட்டு, தலைப்பாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடைக்கரையில போயி நின்னேன். மத்தியானம். அந்த ஒரு மத்தியானத்துக்காக ரெண்டு வருசம் காத்திருந்தேன்னு வச்சுக்கிடுங்க.

கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. ஆனா அது சாவுக் கொட்டு இல்ல. இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்க ஊர்ல இருக்கோ என்னமோ. அம்மன் பொங்கலுக்கு முன்னால எல்லை கட்டுவாங்க. பூசாரி திருநீறும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கிட்டு ஊரைச் சுத்தி நடந்து, மூலைக்கு மூலை வேப்பமுளை அடிப்பார். அடிச்சுட்டா முளைக்கு உள்ள இருக்கதுதான் ஊர். எட்டு நாளைக்கு உள்ள இருக்கவன் வெளிய போகக் கூடாது, வெளிய இருக்கவன் உள்ள வரக் கூடாது. வழக்கமா முளை ஓடைக்கு இந்தப் பக்கமே, ஊரை ஒட்டினாப்புல நின்னுரும். சுடுகாட்டை யாராவது எல்லைக்குள்ள வச்சுக் கட்டுவாங்களா? தீட்டு. அம்மன் ஊரை விட்டே போயிருவா.

பூசாரி மூக்கன் முன்னால வாரான். பொங்கல் மாசமே இல்ல. என்னைப் பாக்கல, கல்லைப் பாக்கல. ஓடையில இறங்கி, அந்தக் கரை ஏறி, சுடுகாட்டைச் சுத்தி நடக்கான். மூலைக்கு மூலை முளை அடிக்கான். ஒவ்வொரு முளைக்கும் கன்னத்துல போட்டுக்கிடுதான், எனக்கு இங்க இருந்து தெரியுது. கட்டி முடிச்சுட்டு ஊரைப் பாத்துத் தலையை ஆட்டினான். அதுக்குப் பிறகுதான் பாடை வந்துச்சு. சீனியப்பன் தீச்சட்டியை எடுத்துக்கிட்டு என்னைத் தாண்டிப் போறான். கல்லைத் தாண்டினான். கை வைக்கலாம்னு பாத்தா பின்னால முன்னூறு பேரு. அதுல கருவாட்டுக்காரியும் வாரா.

ஊர்ல அந்த வருசம் பொங்கல் கிடையாது. கல்யாணம் கிடையாது. சுடுகாட்டை உள்ள வச்ச ஊர்ல எப்படி நடத்துவான்? நிச்சயம் பண்ணின ஏழெட்டுப் பொண்ணுங்க ஒரு வருசம் காத்துக் கிடந்துச்சுவ. ஏன்னு கேக்க நாதியில்லாத ஒரு வாத்தியாருக்காகவா இத்தனையும்? இல்ல தம்பி. என் மூஞ்சியில கரி பூசணும், அதுக்குத்தான்.

நான் விடுவேனா? உத்தரவை மீறினான்னு நிரூபிக்கக் கோர்ட்டு வேணும், வழக்குப் போட்டேன். சப் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு. எல்லைன்னா சர்வேக் கல்லுன்னு சொன்னேன். அவங்க வக்கீல் நான் எழுதிக் குடுத்த காகிதத்தை நீட்டினார். இதுல 'ஊர் எல்லை'ன்னுல்லா இருக்கு, கிராம எல்லைன்னு இல்லையே, இது யார் எழுத்துன்னார். என் எழுத்துன்னேன். அதுக்கு முந்தின வருசம் ஓடைக்கரையில ஆட்டுக் கிடையில திருட்டுப் போச்சு. கல்லுக்கு உள்ள, முளைக்கு வெளிய. யாரு அலையதுன்னு, 'ஊரார் வருசாவருசம் எல்லை கட்டும் முளைக்கு வெளியே நடந்தபடியால் ஊர் எல்லைக்குள் நடந்த குற்றமல்ல'ன்னு ஸ்டேஷன் டைரியில எழுதி மூடியிருந்தேன். அதையும் வாசிச்சார். அதுவும் என் எழுத்துதான், முத்து மாதிரி. மாஜிஸ்திரேட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, ஏட்டே, ஊர் எல்லை முளைன்னு நீரே எழுதியிருக்கீரே, முளையைத் தாண்டினானாய்யா அவன்னு கேட்டார். கோர்ட்டு சிரிச்சுது. சந்தையில சிரிச்ச அதே சிரிப்பு.

திருட்டை எழுதி மூடினதுக்காக ஏட்டுப் பட்டையை உருவிட்டாங்க. சாதாக் கான்ஸ்டபிளா ஊர் ஊராத் தூக்கி அடிச்சாங்க. யுத்தம் முடிஞ்சு சட்டமும் போச்சு, வெள்ளைக்காரனும் போனான். அவனோட நின்னதுக்கு எனக்கு மிஞ்சினது இந்த வீடுதான். ரிட்டயர்டு ஆனதும் இங்கதான் வந்தேன். வேண்டாம், திருநெல்வேலிக்கே போயிருவோம்னா காந்திமதி. நான் போனா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும். அவன் எப்படிச் சீரழியுதான்னு இருந்து பாக்கணும்னு வந்தேன்.

வந்த வருசமே பொங்கல். எல்லை கட்டுதாங்க. மூக்கன் செத்து அவன் மகன் பூசாரி. பக்கத்துல சீனியப்பன் நடக்கான். அவன் கல்யாணமே பண்ணிக்கிடல, ஊருக்குப் பெரியாளாகிட்டான். முன்னெல்லாம் முளை அவுட்போஸ்டுக்கு அந்தப் பக்கம்தான். அன்னைக்கு நேரா என் வாசலுக்கு வந்தாங்க. காந்திமதி குளிச்சு, ஈரத்துணியோட, தாம்பாளத்துல எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டு நிக்கா. சீனியப்பன் வாசப்படிக்கு முன்னால காலால ஒரு கோடு கிழிச்சான். பூசாரி அங்க முளையை அடிச்சுட்டான். வீடு வெளிய. அவ்வளவுதான், போயிட்டாங்க. எட்டு நாள் கழிஞ்ச பிறகும் நாவிதன் வர மாட்டான், வண்ணான் வர மாட்டான், அடுப்புக்கு நெருப்புக் குடுக்க மாட்டாங்க. எனக்கென்ன போச்சு? ஒரு தொந்தரவும் இல்ல. அவதான் வருசாவருசம் தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு நிப்பா. போடி உள்ளம்பேன். போக மாட்டா.

எட்டு வருசத்துக்கு முன்னால, எல்லை கட்டின மூணாம் நாள், அவ போயிட்டா.

தூக்கதுக்கு நாலு பேரு வேணும். முளைக்கு அந்தப் பக்கம் ஊரே வந்து நின்னுச்சு. ஒருத்தன் முளையைத் தாண்டல. நான் முளைக்கு இந்தப் பக்கம் நிக்கேன். அவ கையால மோர் வாங்கிக் குடிச்சவன்தானே நீ, வான்னு சீனியப்பன்கிட்டக் கேட்டேன். கெஞ்சல தம்பி, கேட்டேன், அவ்வளவுதான். ரெண்டு தடவை கேட்டேன். சீனியப்பன் முன்னால வந்தான்.

"எல்லையைத் தாண்ட உத்தரவு இல்லையே, ஏட்டய்யா"ன்னான்.

நான் சொன்ன அதே சொல்லு. இருபது வருசம் அதைக் கெடாம வச்சிருந்திருக்கான். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு, தூசி விழுந்திருக்கும். அவன் அம்மாவுக்குப் பொங்கலையே விட்டுக்குடுத்த ஊரு, என் பொண்டாட்டிக்கு ஒரு முளையைப் பிடுங்கல. பக்கத்து ஊர்ல இருந்து ரெண்டு வண்டிக்காரனைக் கூட்டிட்டு வந்து, செங்கல் காளவாசல் வழியா ஊரைச் சுத்தி அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனேன். ரெண்டு பேரும் நானும். மூணு பேரு. பெத்த மக வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

அதுக்குப் பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவனைச் சும்மா விடக் கூடாது. எப்பவும் என் பார்வையிலயே வச்சிருக்கணும். படிப்பகம் அப்பத்தான் ஆரம்பிச்சான். வாரவன் பேரு எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வச்சிருக்கான், எல்லாப் படிப்பகத்துலயும் உள்ளதுதான். காலையில ஆறு மணிக்குத் திறப்பான், ஆறு மணிக்கு நான் போயிருவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் போவேன். அவன் என்ன படிக்கான், யாரு வாரா, என்ன பேசுதான், எல்லாத்தையும் கவனிப்பேன். அந்த நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உக்காருவேன். எட்டு வருசமா ஒரு வேளை தவறல; எல்லை கட்டின எட்டு நாளும் நோட்டை முளைக்கிட்டக் கொண்டு வந்து நீட்டுவான். ஒரு தடவை காய்ச்சல்ல கிடந்துட்டேன். ஏழு மணிக்கு முளைக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு கூப்பிடுதான். ஏன் வரலன்னு கேக்கான். நான் பாக்கலன்னா அவனுக்கு இருப்புக் கொள்ளல பாத்தீயளா? எந்திரிச்சுப் போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து படுத்தேன்.

பேரனுக்குக் காது குத்துன்னு மக எழுதியிருந்தா. கடிதாசி படிப்பகத்துக்குத்தான் வரும், தபால்காரன் முளையைத் தாண்ட மாட்டான். சீனியப்பன் பிரிச்சுத்தான் குடுப்பான். ரெண்டு நாள் திருநெல்வேலிக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேன்னு ஒரு பேச்சுக்கு அவன்கிட்டச் சொன்னேன். எழுதிக் குடுங்கன்னான். எழுதிக் குடுத்தேன். யோசிச்சுச் சொல்லுதேன்னான். காது குத்து முடிஞ்சு நாலு நாள் கழிச்சு, போகலாம்னான். நான் போகல. நான் போயிட்டா அவனை யாரு பாத்துக்கிடுதது?

வார செவ்வாக்கிழமை எல்லை கட்டுதாங்க. ஒழுங்கா வாங்க ஏட்டய்யா, இந்த வருசம் முளையை உங்க வீட்டுக்குப் பின்னால அடிக்கலாம்னு சொல்லியிருக்கான். அடிக்கலாம்னான். போன வருசமும் அப்படித்தான் சொன்னான், அதுக்கு முந்தின வருசமும் சொன்னான். எனக்கு எழுபது ஆகப் போகுது தம்பி. தூக்கதுக்கு நாலு பேரு வேணும். அதான் உங்ககிட்டக் கேக்கேன், சர்க்கார் படத்துல உள்ள போட்டுட்டீயன்னா நான் யாரையும் எதிர்பாக்க வேண்டாம். நான் யாருக்கும் பயந்தவன் இல்ல, அதையும் எழுதிக்கிடுங்க. அவன்தான் இன்னும் என் கண்காணிப்புல இருக்கான்.

மணி என்ன ஆச்சு? அஞ்சு நாப்பதா? ஐயோ, எந்திரிங்க, எந்திரிங்க. அந்தச் சட்டையை எடுங்க. உங்க கடிகாரத்தை நம்பி உக்காந்துட்டேன். படிப்பகத்துக் கடிகாரம் பத்து நிமிசம் வேகம். அவுட்போஸ்டை மூடும்போது ஏலத்துல எடுத்து மாட்டியிருக்கான், திருத்தவே மாட்டேங்கான். நான் ஓடியாகணும் தம்பி, நேரம் தவறிரும்.